அப்பாவின் குதிகால்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாயாடித் தங்கை எழுதுவது. நான் இங்கே சுகம். அங்கே நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "இருக்கோம்" என்று ஒரே வார்த்தையில் பதில் போடுவாய். அதனால் இந்த முறை கேட்கவே போவதில்லை. நீயாக எழுது.

உன் போன் ரிப்பேராகி ஒன்றரை வருஷம் ஆகிறது. அப்பாவின் போனோ மணி அடித்து அடித்து ஓய்கிறது, எடுக்க ஆளில்லை. இந்தக் காலத்தில் தபால்பெட்டியைத் தேடி அலைகிற ஒரே ஜீவன் நான்தான் என்று வேலை செய்கிற இடத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

புது கிளினிக் எனக்குப் பிடித்துவிட்டது. இங்கே படுக்கை கிடையாது. நோயாளிகள் வருவார்கள், பயிற்சி செய்வார்கள், வீட்டுக்குப் போய்விடுவார்கள். யாருக்கு என்ன பயிற்சி என்று முடிவு செய்வது பிசியோ மேடம். அதைச் செய்ய வைப்பது உதவியாளராகிய நான். கொதிக்கிற தொட்டியிலிருந்து ஒத்தடப் பையை இடுக்கியால் எடுத்துத் துண்டில் சுற்றி முதுகில் வைப்பேன். நடக்கப் பழகுகிறவர்களுக்கு இடுப்பில் பட்டை கட்டி, பின்னால் பிடித்துக்கொண்டே போவேன். மாடு மேய்க்கிற வேலை என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

ஒரு டீச்சரம்மா வருகிறார். தோள் இறுகிப்போய், கை காதுக்கு மேலே போகாது. "இதுக்கு மேல ஒரு இம்மி போகாதும்மா, என்னைக் கொன்னாலும் போகாது" என்பார். நேற்று அவர் மடியில் ஒரு பல்லி விழுந்தது. அக்கா, இரண்டு கையும் கூரையைப் பார்த்துப் போயின! பிசியோ மேடம், "நாளையிலேர்ந்து பல்லியையும் வேலைக்குச் சேத்துக்கலாம்" என்றார்.

இதை உனக்கு எழுதியதே குற்றம். சிகிச்சை மேசையைச் சுற்றியிருக்கிற திரைக்குள்ளே நோயாளி சொன்னது, செய்தது எதுவும் வெளியே போகக் கூடாது, பிசியோ மேடத்திடம் மட்டும் சொல்லலாம் என்பது இங்கே சட்டம். என் வாய்க்கு இது ஆயுள் தண்டனை. பல்லி நோயாளி இல்லை என்பதால் தப்பித்தேன்.

அத்தான் போன வாரமும் பேசினார். உன் சுகத்தை என்னிடம் கேட்கவேண்டிய நிலைமை அவருக்கு, பாவம். "பத்து நாள்ல வரேன்னு போனவ, மாமா படுத்ததும் அங்கயே தங்கிட்டா. மாமா எந்திரிச்சாதான் எனக்கு விடிவு" என்று சொல்லிச் சிரித்தார். எவ்வளவு பொறுமையான மனிதர்! அதனால் நான் போன தடவை படம் வரைந்து அனுப்பிய பயிற்சிகளை அப்பாவுக்குத் தினமும் செய்துவிடு. போன வருஷம் நான் வந்தபோது காலைத் தொடவே விடாமல் போர்வையை இழுத்துக்கொண்டாரே, அந்தக் கூச்சத்தை எல்லாம் நீ கேட்காதே. இடது முழங்காலை மடக்கு, நீட்டு. அவரைத் தூக்கும்போது உன் முழங்காலை மடக்கு, முதுகை மடக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வாயாடி


ஜனவரி 27

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்: இருக்கிறோம்.

பல்லிக் கதையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கட்டில் குலுங்கச் சிரித்தார். பயிற்சிப் படங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அப்பா அப்படியேதான் இருக்கிறார். கால் மரக்கட்டை மாதிரி கிடக்கிறது என்கிறார். டாக்டரிடம் போகலாம் என்றால் வேண்டாம் என்கிறார். நான் வற்புறுத்தவில்லை.

ஒரு விஷயம். அப்பாவுக்குக் குதிகாலில் பித்தவெடிப்பு. இரண்டு காலிலும். ஓரமெல்லாம் செங்கல் மாதிரி தடித்து, பிளந்து, வெடிப்புக்குள் மண் போய்க் கறுத்துக் கிடக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. போர்வை நூல் மாட்டி இழுக்கும்போது துடித்துப் போகிறார், பார்க்கப் பாவமாக இருக்கிறது. என்ன தடவலாம்?

வேளாவேளைக்குச் சாப்பிடு. வெயிலில் அலையாதே.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். அப்பா சிரித்தார் என்று படித்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது.

அத்தானைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதினால் நீ ஒரு வரி எழுதக்கூடாதா? கோபமா? கல்யாணத்துக்கு முன்னால் பக்கத்து அறையில் நான் யாரோடாவது குசுகுசுவென்று பேசினால்கூட "எல்லாம் கேக்குதுடி" என்பாய். உனக்குப் பாம்புக் காது. இப்போது கத்திச் சொன்னாலும் காதில் விழாத மாதிரி இருக்கிறாய்.

பித்தவெடிப்புக்கு வைத்தியம்: வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவை. கல்லால் மெதுவாகத் தேய். ஈரம் காயுமுன் வாசலினைத் தடவிக் காலுறை போட்டுவிடு. பத்து நாளில் பட்டு மாதிரி ஆகிவிடும்.

இங்கே ஒரு புது ஆள் வந்திருக்கிறார். ஓய்வுபெற்ற தபால்காரர். அப்பாவைப் போலவே பக்கவாதம், அதே இடது பக்கம். ஒரு வருஷமாக நாற்காலியில் இருக்கிறார். நான் உனக்குத் தபால் எழுதுகிறேன் என்று சொன்னேன். "நல்லவேளை, நான் ரிட்டையர் ஆனப்புறம் எழுத ஆரம்பிச்ச" என்றார். நாளையிலிருந்து அவரை நிற்க வைக்கப் போகிறோம். அப்பாவையும் நான் ஒருநாள் இப்படி நிற்க வைப்பேன், நீ பார்.

இருவரும் நலமாக இருங்கள்.

உன் வாயாடி


பிப்ரவரி 12

அக்கா,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. மன்னித்துக்கொள்.

இன்று தபால்கார ஐயாவை நிற்க வைக்குமுன் பாதத்தைப் பார்க்கச் சொன்னார் பிசியோ மேடம். எங்காவது புண் இருக்கிறதா, உணர்ச்சி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவேண்டும். காலுறையைக் கழற்றிக் குதிகாலைக் கையில் ஏந்தினேன். ஊர் ஊராக நடந்து தேய்ந்த மனிதர் அவர். அந்தக் குதிகால் பிறந்த குழந்தையின் கன்னம் மாதிரி மெத்தென்று இருந்தது. ஒரு வருஷம் தரையில் ஊன்றாத கால் அப்படித்தான் ஆகும். நான் எத்தனையோ கால்களில் பார்த்திருக்கிறேன். பார்த்துப் பார்த்தே பழகிப்போனதால் நீ எழுதியது என் மரமண்டையில் உறைக்கவில்லை.

என் கை அப்படியே நின்றுவிட்டது. "என்னம்மா, கால் இருக்கா, போயிருச்சா?" என்று அவர் கேட்ட பிறகுதான் நினைவு வந்தது.

பிசியோ மேடத்திடம், யாருக்கென்று சொல்லாமல், கேட்டேன். "தோல் வறண்டா லேசா வெடிக்கலாம். ஆனா ஓரம் தடிச்சுப் பொளந்திருக்குன்னா அது மேல உடம்பு எடை ஏறியிருக்கு. அந்த ஆள் நடக்குறார்" என்றார்.

அதுவும் வேண்டாம். மண்! வெடிப்புக்குள் மண் என்று எழுதினாயே, கட்டிலில் ஏதக்கா மண்?

அப்பா நடக்கிறார். நீ வீட்டில் இல்லாதபோது வெறுங்காலோடு கொல்லைப்புறம் போய் வருகிறார். நீ அவரைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்துவிட்டு, இடுப்பு ஒடிந்து போகிறாய். உன் புருஷன் அங்கே தனியாகக் கிடக்கிறார். இவர் படுத்துக்கொண்டு பல்லிக் கதைக்குச் சிரிக்கிறார்! பெற்ற அப்பா இப்படிச் செய்வாரா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார், இந்த இரண்டு வருஷமும்.

நேராகக் கேட்டுவிடு. இல்லாவிட்டால் நான் வந்து கேட்பேன்.

தங்கை


மார்ச் 1

அன்புத் தங்கைக்கு,

நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உடனே பதில் எழுத முடியவில்லை.

நீ கண்டதையும் நினைத்து மனதைக் குழப்பிக்கொள்கிறாய். இங்கே தண்ணீர் சரியில்லை. எனக்கும்தான் கால் வெடித்திருக்கிறது. துடைக்கும்போது என் கை மண் ஒட்டியிருக்கும்.

அப்பாவிடம் எதையும் கேட்காதே. இதைப் பற்றி யாரிடமும் பேசாதே. யாரிடமும் என்றால் யாரிடமும். உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உன் கடைசிக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீ அங்கே சந்தோஷமாக வேலையைப் பார். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

அக்கா


மார்ச் 6

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். தங்கள் நலனையும் வீட்டில் எல்லோர் நலனையும் அறிய விரும்புகிறேன்.

போனில் சொன்னால் படபடவென்று உளறிவிடுவேன் என்று எழுதுகிறேன். அப்பா குணமாகிவிட்டார். நன்றாக நடக்கிறார். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, ஆனால் பல மாதமாக இருக்கவேண்டும். எப்படித் தெரிந்தது என்று நேரில் சொல்கிறேன், என் தொழில் அப்படி. நடப்பதை அவர் அக்காவிடம் மறைக்கிறார். அக்காவுக்கு இப்போது லேசாகத் தெரியும், ஆனால் அப்பா மானம் போய்விடுமே என்று மூடி மறைக்கிறாள். அவள் சுபாவம் உங்களுக்குத் தெரியாதா? தனக்கென்று வாய் திறக்கமாட்டாள். அதனால் நான் திறக்கிறேன்.

தயவுசெய்து போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவள் மறுத்தாலும் விடாதீர்கள். அவள் தேய்ந்தது போதும். நீங்கள் இருவரும் சேர்ந்து இருப்பதைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

மரியாதையுடன்,
உங்கள் கொழுந்தியாள்


மார்ச் 17

அன்புள்ள கொழுந்தியாளுக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. ரொம்ப சந்தோஷம். அந்த வீட்டில் உண்மை பேசுகிற ஒரு ஆளாவது இருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் அழைத்துக்கொண்டு போகிறேன். உன் கடிதத்தைக் கையோடு எடுத்துப் போகிறேன். உன் அப்பாவுக்கு முன்னால் படித்துக் காட்டவேண்டும் அல்லவா. நான் வருவதை முன்கூட்டிச் சொல்லாதே. சொன்னால் உன் அக்கா இன்னொரு நோயைக் கண்டுபிடிப்பாள்.

அவளைப் பற்றி நீ கவலைப்படாதே. இந்த முறை நான் நிதானமாக இருப்பேன். அவளிடம் எனக்குக் கோபம் வருவதே அந்தக் காதால்தான். வலது காது மந்தமானதிலிருந்து, கூப்பிட்டால் திரும்புவதில்லை. திமிர் என்றுதான் யாருக்கும் தோன்றும். இனிமேல் இடது பக்கமாக நின்று சொல்கிறேன். எல்லாம் சரியாகப் போகும்.

நல்ல காரியம் செய்தாய். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அத்தான்


மார்ச் 22, ஞாயிறு

அக்கா, அக்கா,

இது உன் கைக்கு வரும்போது நீ அந்த வீட்டில் இருப்பாயா என்று எனக்குத் தெரியாது. உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் அத்தானுக்கு எழுதிவிட்டேன். நீ கெஞ்சிக் கேட்டும் எழுதிவிட்டேன். அவருடைய பதில் நேற்று கிளினிக்குக்கு வந்திருக்கிறது. மேசை மேல் கிடந்ததை இன்று காலையில்தான் பிரித்தேன். இன்று ஞாயிறு. அவர் இன்றுதான் வருகிறார்.

உன் வலது காது மந்தம் என்று எழுதியிருக்கிறார். உனக்கு எப்போது அக்கா காது மந்தமானது? உனக்குப் பாம்புக் காதாச்சே! அந்த ஒரு வரியையே மறுபடி மறுபடி படித்தேன். கோபம் வருவது காதால்தான், இந்த முறை நிதானமாக இருப்பேன் என்கிறார். எனக்கு என்னவோ அது தலைகீழாகப் படுகிறது. முதலில் வந்தது எது அக்கா? கோபமா, காதா?

போன வருஷம் நான் வந்தபோது நீ என்னை எப்போதும் இடது பக்கமே உட்காரச் சொன்னாய். ஜன்னல் காற்று வரும் என்றாய். நானும் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாவி, நான் என்ன பெண்!

அத்தானின் போன் அணைந்து கிடக்கிறது. காலையிலிருந்து அப்பாவின் போனுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன். பக்கத்து வீட்டு நம்பர் ஒன்றுகூட வாங்கி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை எனக்கு. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ரயிலில் வந்தாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் வருவேன். ஆனாலும் வருகிறேன். போகாதே அக்கா. அவர் என்ன சொன்னாலும் போகாதே. கதவைப் பூட்டிக்கொள்.

என் வாயில் மண்ணைப் போட.


மார்ச் 24

சின்ன மகளுக்கு,

அப்பா ஆசீர்வாதம். இரண்டு வருஷத்துக்குப் பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

ஞாயிறு மாலை போனை எடுத்து, "அவ இங்கதான் இருக்கா. நீ இப்ப வராத. எழுதுறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நீ அழுதது கேட்டது. உன்னை வரவேண்டாம் என்று நினைத்தது நான் இல்லை. உன்னை இப்போது பார்க்கமுடியாது என்று அக்கா சொன்னாள். அவளுக்கு நாள் கொடு.

நீ கேட்கவேண்டியதை நானே சொல்கிறேன்.

உன் அக்கா பத்து நாள் என்று வந்தாளே, அப்போது ஒருநாள் அலமாரி மேலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கையை உயர்த்தினேன். பக்கத்தில் நின்றவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவளை ஓர் அடி அடித்து வளர்த்தவன் இல்லை. "என்னம்மா?" என்றேன். "கொசுப்பா" என்றாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. அப்பன் எந்த வாயால் கேட்பான் சொல்லு.

அந்த வாரமே எனக்கு வாதம் வந்தது. அது பொய் இல்லை. நாலைந்து மாதத்தில் கால் திரும்பியதும் உண்மை. அவளைக் கூப்பிட்டு எழுந்து நின்று காட்டலாம் என்று காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே வந்தாள். "மாமா எந்திரிச்சு நடக்குற அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று மாப்பிள்ளை பேசுவது எனக்கே கேட்டது. சரி சரி என்றாள். வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஊன்றிய காலை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன். "கால் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள். "மரக்கட்டையாட்டம் கெடக்கும்மா" என்றேன். அவள் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. அன்றைக்குத்தான் அவள் போன் ரிப்பேரானது.

அவளுக்கு நான் நடப்பது தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் வாசலில் நின்று, "கடைக்குப் போறேன், வர அரை மணி ஆகும்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டுப் போவாள். ஒரு பொருளையும் மறக்காதவள், தினமும் எதையாவது மறந்துவிட்டு மறுபடி போவாள். போனதும் நான் எழுந்து கொல்லைப்புறம் நடப்பேன். அவள் இருமிக்கொண்டே திரும்பி வருவாள். இப்படியாக ஒருவரை ஒருவர் ஏமாற்றிக் குடும்பம் நடத்தினோம்.

ஞாயிறன்று மாப்பிள்ளையும் அவர் அண்ணனும் வந்தார்கள். உன் கடிதத்தைத் தெருவாசலில் நின்று சத்தமாகப் படித்தார். அக்கம்பக்கம் கூடிவிட்டது. உள்ளே வந்து என் போர்வையைப் பிடித்து உருவினார். "எந்திரிங்க மாமா. ஆட்டம் முடிஞ்சுது" என்றார்.

எழுந்தேன். முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்று டிக்கெட் கிழித்த கண்டக்டர் நான், எல்லார் முன்னாலும் எழுந்து நிற்க எனக்குக் கால் நடுங்கியது. கூட்டத்தில் யாரோ "அடப்பாவி மனுசா!" என்றார்கள். வாதம் வந்த அன்று என்னைத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன எதிர்வீட்டுத் தச்சர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். அது எனக்குச் சுட்டது. இன்னும் சுடுகிறது.

"அப்புறம் என்ன? அப்பாவப் பாத்துக்கணும்னு இனிமே சொல்ல முடியாதுல்ல? பொட்டியக் கட்டு" என்று மாப்பிள்ளை அவள் பக்கம் திரும்பினார்.

நான் சொன்னேன்: "அவ என்னைப் பாத்துக்கிட்டான்னு இத்தனை நாள் சொன்னது பொய்தான் மாப்பிள்ளை. நான்தான் அவளப் பாத்துக்கிட்டேன். படுத்துக்கிட்டே."

அதன் பிறகு நடந்ததை அவளே எழுதட்டும். அது அவளுடையது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊரையே ஏமாற்றிய எனக்குக் குதிகாலை மறைக்கத் தெரியவில்லை. நீ வேலையில் கெட்டிக்காரி. வாயை மட்டும் கொஞ்சம் கட்டு.

அப்பா


ஏப்ரல் 6

தங்கைக்கு,

சுகமாக இரு. அப்பா சுகம். தெருவில் யாரும் அவரோடு பேசுவதில்லை. ஆனாலும் காலையில் வாசல்வரை நடந்து போய் நின்றுவிட்டு வருகிறார்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். பொய் எனக்கு அலுத்துவிட்டது.

அன்று நான் பெட்டியைக் கட்டத்தான் உள்ளே போனேன். அதை அப்பா உனக்கு எழுதவில்லை என்றார். புடவையை மடித்து வைத்தேன். கை தானாகச் செய்தது. அவர் பின்னாலேயே வந்து வலது பக்கம் நின்று ஏதோ சொன்னார். கேட்கவில்லை. திரும்பினேன். கையை ஓங்கியிருந்தார். வாசலில் இத்தனை பேரை வைத்துக்கொண்டு, நிதானமாக இருப்பேன் என்று உனக்கு எழுதிக் கொடுத்துவிட்டு. அவருடைய அண்ணன் அறைவாசலில் நின்று பார்த்துவிட்டார். "என்னடா இது?" என்றார்.

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது. "கேட்டுக்குங்க மூத்தார். உங்க தம்பி அறைஞ்சு போன காது இது. ரெண்டு நாள் ரத்தமும் தண்ணியுமா வடிஞ்சுச்சு. டாக்டர்ட்ட போகக்கூடாதுன்னு பூட்டி வெச்சார்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். தெருவே அமைதியாகிவிட்டது என்று அப்பா சொல்கிறார். எனக்கு என் குரல் எவ்வளவு சத்தம் என்று இப்போதெல்லாம் தெரிவதில்லை.

அவர் முகம் வெளுத்துப்போய்விட்டது. "ஊர ஏமாத்துன குடும்பம்! இவ இனிமே என் வாசப்படிய மிதிச்சா நடக்கறதே வேற!" என்று கத்தினார். அப்பா கைகூப்பி, "மாப்பிள்ளை, அதையே உங்க அண்ணன் சாட்சியா இன்னொரு தடவ சொல்லிருங்க" என்றார். அண்ணன் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

'இனிமே வராதே' என்கிற அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அப்பா இரண்டு வருஷம் படுத்துக் கிடந்தார். அது நீ எழுதிய கடிதத்தால் வந்தது. இதற்காக உனக்கு நன்றி சொல்லவேண்டுமா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லமாட்டேன். அந்த ஓங்கிய கை விழுந்திருந்தால் எனக்கு மற்றக் காதும் போயிருக்கும்.

தபால்காரர் காலைத் தடவிப் பார்த்து அப்பா நடப்பதைக் கண்டுபிடித்தாய். அத்தான் பாவம் என்று பக்கம் பக்கமாக எழுதினாய். வருகிறவர் போகிறவர் எல்லோரையும் எங்கே வலிக்கிறது என்று கேட்பது உன் வேலை. இரண்டு வருஷத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், என்னைக் கேட்டாயா?

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல். நான் நலம் என்று எழுத மனம் வரவில்லை.

உன் கடிதத்தைத் திரைக்குப் பின்னால் காலி மேசையில் உட்கார்ந்து படித்தேன். பிசியோ மேடம் எட்டிப் பார்த்தார். "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். எனக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அது உன்னுடையது.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதிக் கிழித்தேன். எந்தத் தாளிலும் அது நன்றாக இல்லை. நீ கேட்டதற்குப் பதில் ஒன்றுதான்: கேட்கவில்லை. நீ அக்கா, உனக்கு என்ன வலி இருக்கப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

இங்கே யாராவது கூட ஆளோடு வந்தால், முதலில் கூட வந்தவரை வெளியே உட்கார வைப்போம். அவர் இருந்தால் நோயாளி உண்மையைச் சொல்லமாட்டார். பிறகுதான் கேட்போம். அவசரப்படுத்தக் கூடாது. நடுவில் பேசக் கூடாது. "அப்படி இருக்காதே" என்று சொல்லவே கூடாது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஊராருக்குச் செய்வதை உனக்குச் செய்யவில்லை.

லீவு கிடைத்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை ரயில் ஏறுகிறேன். வராதே என்றால் அப்பாவை ஒரு போன் போடச் சொல், பாதி வழியில் இருந்தாலும் இறங்கித் திரும்பிவிடுகிறேன். போன் வராவிட்டால் வருவேன். அப்பாவைக் கொஞ்ச நேரம் வெளியே நடந்துவிட்டு வரச் சொல்.

நான் உன் இடது பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்பேன். நீ சொல்லி முடிக்கிறவரை ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

தங்கை